திருவந்திபுரம் மலையில் முகூர்த்தம்... போட்டோகிராபர் பையில் என்ன இருக்க வேண்டும்?

ஆவணி மாத முகூர்த்த நாள். அதிகாலை 3.30 மணி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து திருவந்திபுரம் செல்லும் சாலை அதற்குள் விழித்துவிட்டது. வேன்கள், மினி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், கண்ணாடியில் மணமக்கள் பெயர் ஒட்டிய கார்கள். ஒரு வேனுக்குள் அரைத் தூக்கத்தில் மணப்பெண். இன்னொன்றில் சீர்வரிசைத் தட்டுகளை மடியில் பிடித்தபடி அத்தைகள்.

சுமார் 6 கி.மீ. தூரம்தான். ஆனால், முகூர்த்த நாளில் இந்த 6 கி.மீ. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் ஊர்ந்துபோகும் ஒரு பைக்கில் இரண்டு பேர். ஓட்டுபவர் 20 வருடங்களுக்கு மேலாகக் கல்யாணங்களைப் படமெடுக்கும் கடலூர் போட்டோகிராபர். பின்னால் அவருடைய உதவியாளர். அந்த இளைஞரின் மடியில் ஒரே ஒரு பை.

``அண்ணா, நிஜமாவே இவ்வளவுதானா? பெரிய லென்ஸு, லைட் ஸ்டாண்டு எல்லாம் வீட்லயே இருக்கே..."

``இன்னைக்கு அதெல்லாம் வேணாம்டா. மேல போய்ப் பாரு, புரியும்."

கல்யாணத்துக்கு எந்த கேமரா, எந்த லென்ஸ் எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு அவரிடம் ரெடிமேட் பதில் இல்லை. ``எந்த இடத்துல கல்யாணம்னு முதல்ல சொல்லுங்க" என்பார். இந்த முறை அந்த இடம், திருவந்திபுரம்.

மலையும் மாலையும்

108 திவ்ய தேசங்களில் ஒன்று திருவந்திபுரம். பழைய பெயர் திருவஹீந்திரபுரம். கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாத சுவாமி கோயில். அதற்கு எதிரே ஔஷதகிரி என்ற சிறிய மலை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது விழுந்த துண்டு இது என்பது தலபுராணம். மலை மேல் ஹயக்ரீவர் சந்நிதி. வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் தங்கியிருந்த ஊர் இது. தேர்வுக்கு முன்பு பேனா, நோட்டுப் புத்தகத்துடன் மாணவர்கள் ஹயக்ரீவரைத் தேடி வருவதும் வழக்கம்.

முகூர்த்த நாளில் இந்த மலை வேறு மாதிரி மாறிவிடும். கடலூர் மாவட்டத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வேண்டுதலுக்காக இங்கே தாலி கட்ட வருபவர்கள் ஏராளம். பெரிய முகூர்த்தம் என்றால் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள். மலையில் உள்ள மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஜோடிகள் அமர்ந்திருப்பார்கள். ஒரு மேளம் ஓய்வதற்குள் அடுத்த மேளம் கொட்டும். கொரோனா காலத்தில் கோயில் மூடியிருந்த நாள்களில்கூட, வெளியே சாலையிலேயே தாலி கட்டிச் சென்ற ஜோடிகள் உண்டு.

இங்கே ஒரு கல்யாணத்துக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மாலை மாற்றி, தாலி கட்டி, அட்சதை தூவி எழுந்தால், அடுத்த ஜோடி உட்காரத் தயாராக நிற்கும். ``இன்னொரு வாட்டி கட்டுங்க மாப்ள, படம் சரியா வரலை" என்று சொல்லவே முடியாது.

கேமரா இல்லாமல் ஒரு பயணம்

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு போட்டோகிராபர் ஒரு முறை இங்கே வந்து போனார். தோளில் கேமரா இல்லை. பாக்கெட்டில் செல்போன் மட்டும். பெண்ணின் அப்பாவும் உடன் வந்திருந்தார்.

எத்தனையோ முறை வந்த இடம்தான். இருந்தாலும், படிகளில் ஏறிப் பார்த்தார். எங்கே உட்கார வைப்பார்கள், எந்தப் பக்கம் கூட்டம் நிற்கும், எந்தத் தூண் மறைக்கும், விளக்கு எங்கே இருக்கிறது என்று கவனித்தார். விளக்குக்கு நேராக செல்போனைக் காட்டி ஒரு வீடியோ எடுத்தார். திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடின.

அந்தப் பட்டைகளுக்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால், சில எல்.இ.டி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 என்று கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழும். பாதி முகம் மஞ்சள், பாதி முகம் பழுப்பு. ஷட்டரை 1/100-ல் வைத்தால் விளக்கின் ஒரு முழு சுற்று படத்துக்குள் அடங்கிவிடும், பட்டை வராது. மிரர்லெஸ் கேமராவில் சத்தமே வராத எலெக்ட்ரானிக் ஷட்டர் வசதி இருக்கிறது. மந்திரம் சொல்லும் இடத்தில் அது உதவும் என்று தோன்றும். ஆனால், இப்படிப்பட்ட விளக்கில் அதுதான் முதலில் காலை வாரும்.

திரும்பி இறங்கும்போது பெண்ணின் அப்பா படிகளின் நடுவே நின்றார்.

``தம்பி, எங்கம்மாவால மேல ஏற முடியாது. முட்டி ரெண்டும் போச்சு. தூக்கிட்டுப் போறோம்னா அதுக்கும் வேணாங்குது. கீழயே ஒரு சேர் போட்டு உட்கார வெச்சிடலாம்னு இருக்கோம். பேத்தி கல்யாணத்தைப் பார்க்கணும்னுதான் உசுரைப் பிடிச்சிட்டு இருக்கு. நீங்க எடுக்குற படத்துலதான் அது தாலி கட்டுறதைப் பார்க்கப் போகுது."

போட்டோகிராபர் கீழே பார்த்தார். 70-க்கும் மேற்பட்ட படிகள். மேலே தாலி, கீழே ஆயா. இரண்டு இடத்திலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். பையில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

வீட்டில் தங்கியவை

முதல் நாள் இரவு, வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் பரப்பினார். முதலில் ஒதுக்கியது 70-200 எம்.எம். லென்ஸ். கல்யாண போட்டோகிராபர்களின் செல்லப்பிள்ளை அது. பெரிய மண்டபத்தில் மேடைக்கு எதிரே தூரத்தில் நின்றுகொண்டே மணப்பெண்ணின் கண்ணீர்த் துளியை எடுத்துவிடலாம். ஆனால், எஃப் 2.8 ரகத்தில் பழைய மாடல்கள் ஒன்றரை கிலோ எடை. புதியவையே ஒரு கிலோவைத் தொடும். மலையில் பின்னால் தள்ளி நிற்க இடமும் இல்லை. நின்றாலும் நடுவே பத்துத் தலைகள்.

அதற்குப் பதில் 85 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ். எடை 400 கிராம் அளவுதான். எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். விடியாத நேரத்துக் கல்யாணத்தில் அந்த வெளிச்சம்தான் பொக்கிஷம். கூடவே 35 எம்.எம். லென்ஸ் ஒன்று. மணமக்களுக்கு மூன்று நான்கு அடி தூரத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தாலும் இருவரும், பின்னால் நிற்கும் பெற்றோரும் படத்துக்குள் வந்துவிடுவார்கள்.

இரண்டு லென்ஸுக்கு இரண்டு கேமரா பாடி. நெரிசலில் லென்ஸைக் கழற்றி மாற்றும் பத்து நொடியில் தாலி ஏறிவிடும். ஹோமப் புகையும் அட்சதையும் பறக்கும் இடத்தில் கேமராவைத் திறப்பதும் வம்பு. ஒரு பாடி மக்கர் செய்தாலும் இன்னொன்று கையில் இருக்கும்.

டிரைபாட், லைட் ஸ்டாண்டு, குடை எல்லாம் வீட்டிலேயே இருந்துவிட்டன. ஸ்டாண்டு வைக்க இடமில்லை. யாராவது தடுக்கி விழுந்தால் கல்யாண வீடு வேறு வீடாகிவிடும். கேமரா மேல் பொருத்தும் சிறிய ஃப்ளாஷ் ஒன்று மட்டும் பைக்குள் போனது. ட்ரோன் பற்றி மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அனுமதியில்லாமல் கோயில் மேல் பறக்கவிடும் பேச்சே கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்.

கடைசியில் பைக்குள் போனவை இவ்வளவுதான்:

* கேமரா பாடி 2. இரண்டிலும் இரட்டை கார்டு வசதி
* 35 எம்.எம்., 85 எம்.எம். லென்ஸ்கள்
* சிறிய ஃப்ளாஷ் 1, அதற்கு ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட்
* கேமரா பேட்டரி 4. மிரர்லெஸ் கேமராவில் திரை எரிந்துகொண்டே இருப்பதால் டி.எஸ்.எல்.ஆரைவிடச் சீக்கிரம் தீரும்
* 64 ஜி.பி. கார்டுகள் 6
* லென்ஸ் துடைக்கும் துணி 2, மழைக்கு பிளாஸ்டிக் கவர் 2
* கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் பிஸ்கட்

பையை ஏ.சி. அறையில் வைக்கவில்லை. குளிர்ந்த லென்ஸைக் கடலோர ஊரின் புழுக்கத்துக்குள் திடீரென்று எடுத்து வந்தால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். துடைத்தாலும் மீண்டும் படரும். அது தெளிய ஆகும் நேரத்தில் இரண்டு கல்யாணம் முடிந்திருக்கும்.

ஒரு கார்டின் கதை

இந்தப் பட்டியலில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. அது லென்ஸ் அல்ல, இரட்டை கார்டு. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளிலும் பதிவாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு மண்டபக் கல்யாணம். அப்போது அவரிடம் இருந்தது ஒற்றை கார்டு கேமரா. எல்லாம் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் செருகினால் கார்டு திறக்கவில்லை. எங்கெங்கோ கொண்டுபோய்க் கொடுத்து மீட்டதில் முப்பது சொச்சம் படங்கள்தான் தேறின. அவற்றிலும் பாதி, கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகிப் போனவை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெண் வீட்டார் திட்டவில்லை. ``விடுங்க தம்பி, மெஷின்தானே" என்றவர் பெண்ணின் அப்பா. மூன்று மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து போன். அந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ``கல்யாணத்துல அப்பா சிரிச்ச மாதிரி ஒரு படம் இருக்குமா அண்ணா?" என்று கேட்டது மணப்பெண்.

தேடினார். ஒரு படம் இருந்தது. அதில் அப்பாவின் முகத்தில் பாதியைச் சாம்பல் நிறம் தின்றிருந்தது.

அந்தப் படத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. 2018-ல் நிக்கான் இசட் 6, கேனான் இ.ஓ.எஸ். ஆர் போன்ற மிரர்லெஸ் கேமராக்கள் ஒற்றை கார்டுடன் வந்தபோது, நண்பர்கள் வாங்கியும் இவர் வாங்கவில்லை. 2020-ல் இசட் 6-2, ஆர் 6 என்று இரட்டை கார்டு மாடல்கள் வந்த பிறகுதான் மாறினார். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ``எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால் அவர் சொல்வது இது: ``எத்தனை மெகாபிக்சல்னு அப்புறம் பாரு. கார்டு போட எத்தனை வழி இருக்குன்னு முதல்ல பாரு."

கணக்கும் எளிது. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபார்மெட்டில் ஒரு படம் ஏறக்குறைய 25 முதல் 30 எம்.பி. வரும். 1,500 படம் எடுத்தால் 45 ஜி.பி. வரை. ஒரு 64 ஜி.பி. கார்டு போதும். அதே அளவில் இன்னொரு கார்டு வாங்க ஆகும் செலவு, கல்யாணச் செலவில் ஒரு பந்தியின் இனிப்புக்குக்கூட ஈடாகாது.

கெட்டிமேளம்

முகூர்த்தம் 4.30 முதல் 6 மணி வரை. மலையடிவாரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினார்கள். வெறுங்காலில் கல் படி சில்லென்றிருந்தது. இரண்டு கேமராவும் தோளுக்கு ஒன்றாக. பை உதவியாளர் முதுகில். அதைத் தரையில் வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

மேலே கால் வைக்க இடமில்லை. இடப் பக்கம் ஒரு ஜோடிக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. வலப் பக்கம் இன்னொரு ஜோடிக்கு மாலை. எந்த மேளம் யாருக்கு என்றே தெரியவில்லை. ஒரு குடும்பத்து வீடியோக்காரரின் விளக்கு அடுத்த குடும்பத்து மணப்பெண்ணின் முகத்தில் அடித்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ``கொஞ்சம் நகருங்க மாமா, எங்க பொண்ணுக்குத் தாலி கட்டுறாங்க" என்றால் முன்பின் தெரியாத அந்த மாமா நகர்கிறார், நகர்ந்து அவரும் அட்சதை தூவுகிறார்.

இவர்கள் முறை வந்தது. போட்டோகிராபர் மணமக்களுக்கு முன்னால் முட்டிபோட்டார். ஷட்டர் 1/100. வெள்ளை வேட்டியை நம்பி கேமரா தானாகக் கணக்குப்போட்டால் முகம் இருண்டுவிடும் என்பதால், முகத்துக்குத் தக்க வெளிச்சத்தை அவரே கையால் வைத்தார். மாலை மாற்றுவதை 85-ல் நான்கைந்து படம். புரோகிதர் தாலியை எடுத்துக் கொடுத்ததும் அந்த கேமராவைத் தொங்கவிட்டு 35-ஐ எடுத்தார்.

``கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

அந்த நொடியில் நான்கு செல்போன்கள் அவர் தலைக்கு மேலே நீண்டன. ஒரு கை நேராக மணமகளின் முகத்தை மறைத்தது. தள்ளி நின்று 70-200-ல் எடுத்திருந்தால் அந்தக் கை மட்டும்தான் படத்தில் இருந்திருக்கும். இவர் இருந்தது கைகளுக்குக் கீழே, மணமக்களுக்கு மூன்றடி முன்னால். இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூன்று முடிச்சும் விழுந்தன.

சொந்தக்காரர்களிடம் அவர் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தாலி கட்டும் அந்த ஒரு நிமிடம் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடியுங்கள். தலைக்கு மேல் தூக்காதீர்கள். உங்கள் படமும் ஆடாது. பின்னால் இருப்பவருக்கும் மறைக்காது.

கீழே ஒரு பிளாஸ்டிக் சேர்

ஹயக்ரீவரை வணங்கிவிட்டு மணமக்கள் இறங்கத் தயாரானார்கள். மாலையும் பட்டுப்புடவையுமாகப் பெண் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். அதற்குள் போட்டோகிராபர் இறங்க ஆரம்பித்துவிட்டார். எதிரே அடுத்தடுத்த கல்யாணக் கூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது. தோளில் ஒன்றரை கிலோ லென்ஸும் கையில் ஸ்டாண்டும் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தை எதிர்த்து இறங்கியிருக்க முடியாது. சுவர் ஓரமாக உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே உதவியாளர்.

அடிவாரத்தில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் சேர். அதில் ஆயா. புதுப்புடவை, நெற்றியில் திருமண். மடியில் ஒரு மஞ்சள் பை. கண் படிகளிலேயே இருந்தது.

``கட்டியாச்சா கண்ணு?" என்றார், போட்டோகிராபரைப் பார்த்து.

``கட்டியாச்சு ஆயா. இதோ பாருங்க."

கேமராவின் பின்பக்கத் திரையை அவர் முகத்துக்கு அருகே காட்டினார். தாலி முடிச்சில் மாப்பிள்ளையின் விரல்கள், குனிந்த பேத்தியின் முகம், பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் தன் மகன். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரையைத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குள் மேலே சலசலப்பு. மணமக்கள் கடைசிப் படிகளுக்கு வந்துவிட்டார்கள். கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. விளக்கு வெளிச்சத்துக்கு வைத்திருந்த அளவுகளைப் போட்டோகிராபர் காலை வெளிச்சத்துக்கு மாற்றினார். 85 எம்.எம். கேமராவை உதவியாளரிடம் நீட்டினார்.

``நீ ஆயா முகத்தை மட்டும் எடு. பேத்தி கால்ல விழும்போது நிமிர்ந்துடாத. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

``நானா அண்ணா?"

``நீதாண்டா."

பெண் வந்தது. சாலையோரத்து மண்ணிலேயே மாலையோடு விழுந்து வணங்கியது, பக்கத்தில் மாப்பிள்ளையும். ஆயா குனிய முடியாமல் சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மஞ்சள் பையிலிருந்து அட்சதையை அள்ளினார். வீட்டிலேயே தன் கையால் மஞ்சள் கலந்து கொண்டு வந்தது. பாதி மணமக்கள் மேல் விழுந்தது. பாதி அவர் மடியிலேயே விழுந்தது.

சாலையில் அடுத்த வேன் ஹாரன் அடித்தது. யாரோ சேரை நகர்த்தச் சொன்னார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

அடுத்து தேவநாத சுவாமி தரிசனம். கோயில் வாசலில் இரண்டு கேமராவும் பைக்குள் போய்விட்டன. சந்நிதியில் படம் எடுப்பதில்லை என்பது அவர் பழக்கம். பிறகு மண்டபத்தில் இட்லி, பொங்கல், கேசரி. எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு அவர் கார்டுகளைக் கழற்றினார். ஒரு செட் பைக்குள். இன்னொரு செட் சட்டைப் பாக்கெட்டில். பையே தொலைந்தாலும் கல்யாணம் தொலையாது. இரவு வீட்டுக்குப் போனதும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். ஆல்பம் கைக்குப் போகும்வரை அந்த கார்டுகளை அழிக்கக் கூடாது.

உதவியாளர் சாப்பிடாமல் தான் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நிறுத்தினார். ஆயா வாயைத் திறந்து சிரிக்கிறார். காற்றில் மஞ்சள் அரிசி. முகம் முழுசாக, தெளிவாக இருக்கிறது.

போட்டோகிராபர் எட்டிப் பார்த்தார்.

``இது ரெண்டு கார்டுலயும் இருக்கான்னு பாரு."

பார்த்தார். இரண்டிலும் இருந்தது.

``சரி, இப்ப சாப்பிடு."